எந்தக் காய்க்கு எவ்வளவு கூட்டு எரு?



பெருமாள்மலைப் பக்கம் தோட்டம் பார்க்கப் போகும் நாட்களில், பழநி ரோடு பிரிகிற இடத்தில் ஒரு டீ குடித்து விட்டுத்தான் மேலே போவேன். நின்ற இரண்டாவது நிமிஷம் யாராவது வந்து கேட்பார்கள்: "சார், எரு எத்தனை லோடு அடிக்கலாம்?"

"என்ன பயிர் வைக்கப் போறீங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன்.

"அது இன்னும் முடிவு பண்ணலை சார். லாரி வந்திருக்கு, முதல்ல எருவை அடிச்சுப் போட்டுடலாம்னு பார்க்கிறேன்."

இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பழைய சங்கதி ஞாபகத்துக்கு வரும். அது என் தவறு. அதையே முதலில் சொல்லி விடுகிறேன்.

நான் இந்த மலைக்கு மாற்றலாகி வந்த புதிது. பெருமாள்மலைக்குச் சற்று மேலே ஒரு வயதான அம்மா, ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான படிக்கட்டு நிலம் வைத்திருந்தார். கணவர் இல்லை. மகன் வத்தலக்குண்டில் வேலைக்குப் போகிறார். "தம்பி, கேரட்டும் பீன்ஸும் போடப் போறேன், எரு எவ்வளவு போடணும்?" என்று கேட்டார். நான் கீழ்நாட்டில் தக்காளிக்கும் கத்தரிக்கும் சொல்லிப் பழகினவன். "ஏக்கருக்குப் பத்து டன் போடுங்கம்மா" என்று சொல்லி விட்டு வந்து விட்டேன். என்ன எரு, மக்கியதா பச்சையா, எங்கே வாங்குகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த அம்மா கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து, கீழே இருந்து லாரியில் எரு ஏற்றி வந்தார். பாதி மாட்டு எரு, பாதி கோழி எரு. குவியலுக்குள் கையை விட்டால் சுடும். அதை அப்படியே பரப்பிக் கொத்தி, பத்தாவது நாள் கேரட் விதைத்தார். மூன்று மாதம் கழித்துப் பிடுங்கிய போது போய்ப் பார்த்தேன். மேலே தழை அருமையாக இருக்கிறது. கீழே ஒவ்வொரு கிழங்கும் இரண்டு கால், மூன்று கால். தோலெல்லாம் மயிர் மாதிரி சல்லிவேர். கழுவி மூட்டை கட்டிக் கொண்டு போனதில் பாதிக்கு மேல் மண்டியில் கழித்து விட்டார்கள். பக்கத்துப் பாத்தியில் பீன்ஸ் கரும்பச்சையாகத் தழைத்து நிற்கிறது, காயைத்தான் தேட வேண்டியிருந்தது. அந்த அம்மா சத்தம் போடவில்லை. "நீங்க சொன்னபடிதான் தம்பி போட்டேன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத்தான் தலை நிமிரவில்லை.

அதன் பிறகு பயிரின் பேரைக் கேட்காமல், எருவைக் கையில் எடுத்துப் பார்க்காமல் நான் அளவு சொல்வதில்லை.

ஒரு டன் எருவில் என்ன இருக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். இது தெரிந்தால் மற்றக் கணக்கெல்லாம் தானே வரும். நன்றாக மக்கிய தொழு உரத்தில் நூற்றுக்கு அரைப் பங்கு தழைச்சத்து இருக்கிறது. மணிச்சத்து 0.2 பங்கு, சாம்பல்சத்து அரைப் பங்கு. அப்படியானால் பத்து டன் எருவில் 50 கிலோ தழைச்சத்து, 20 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து. ஆனால் இத்தனையும் முதல் பயிருக்குக் கிடைத்து விடாது. தழைச்சத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு 30 பங்குதான் முதல் பயிர் எடுக்கும். மணிச்சத்தில் 60 முதல் 70 பங்கு, சாம்பல்சத்தில் 70 பங்கு. ஆக, பத்து டன் போட்டாலும் முதல் பயிருக்குக் கைக்கு வருவது 15 கிலோ தழைச்சத்துதான். மண்ணில் எருவைச் சிதைத்துச் சத்தாக்கிக் கொடுப்பது நுண்ணுயிர்கள். குளிர் கூடினால் அவற்றின் வேலை மெதுவாகும். நம் மலைக் குளிரில் இந்தக் கணக்கு இன்னும் கொஞ்சம் தாமதமாகும் என்றே வைத்துக் கொள்ளுங்கள்.

மீதி எங்கே போகிறது? மண்ணிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் என்ற ஆராய்ச்சிப் பண்ணையில் 1852-ல் பார்லி வயல் ஒன்றில் ஒரு சோதனை தொடங்கினார்கள். ஒரு துண்டு நிலத்துக்கு வருஷா வருஷம் ஹெக்டேருக்கு 35 டன் தொழு உரம் போட்டு வந்தார்கள். 1871-க்குப் பிறகு அந்தத் துண்டின் ஒரு பகுதிக்கு எருவை நிறுத்தி விட்டார்கள். நூறு வருஷம் தாண்டிப் பார்த்தபோதும், எருவே காணாத பக்கத்துத் துண்டை விட அந்த மண்ணில் மக்குப்பொருள் அதிகமாக இருந்தது. இருபது வருஷம் போட்டதை மண் நூறு வருஷம் வைத்திருந்தது. நம் கோயமுத்தூரிலும் 1909 முதல் இப்படி ஒரு நிரந்தர உரச் சோதனை வயல் இருக்கிறது. ஆகவே "இந்த வருஷம் எவ்வளவு போடலாம்?" என்று கேட்கிறவர், "போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் என்ன போட்டேன்?" என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். பத்து வருஷமாக எரு கண்ட மண்ணுக்கும், புதிதாக உடைத்த மண்ணுக்கும் ஒரே அளவு கிடையாது.

இனி கோழி எரு. இதில்தான் நம் மலையில் பலரும் ஏமாந்து போகிறார்கள். மாடு குறைந்து விட்டது, கீழே கோழிப் பண்ணை பெருகி விட்டது, ஆகவே லாரி லாரியாக ஏறி வருகிறது. அதில் நூற்றுக்கு மூன்று பங்கு தழைச்சத்தும், இரண்டரைப் பங்குக்கு மேல் மணிச்சத்தும் உண்டு. தொழு உரத்தைப் போல ஆறு மடங்கு தழைச்சத்து! பத்து டன் கோழி எருவில் 300 கிலோ தழைச்சத்து இருக்கிறது. கேரட்டுக்குப் பரிந்துரை ஹெக்டேருக்கு 135 கிலோ, அதாவது ஏக்கருக்கு 54 கிலோதான். அந்த அம்மாவின் பீன்ஸ் ஏன் தழையாகவே நின்றது என்று இப்போது தெரிகிறதல்லவா? கோழி எருவும் மெல்ல எரியும், தொழு உரம் மாதிரிதான் என்று நினைக்காதீர்கள். அதன் சத்தில் பெரும்பகுதி முதல் பயிரிலேயே வெளியே வந்து விடும். தொழு உரம் பத்து டன் என்று நான் சொல்லும் இடத்தில், மக்க வைத்த கோழி எரு இரண்டு டன் போதும். மண்புழு உரமும் ஏக்கருக்கு இரண்டு டன் கணக்குத்தான்.

இப்போது பயிர் பயிராக வருவோம். இந்த அளவுகள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மலைப் பகுதிக் காய்கறிகளுக்குச் சொல்லும் தொழு உர அளவுகள். ஹெக்டேர் கணக்கை நம் ஏக்கருக்கும் சென்ட்டுக்கும் மாற்றித் தருகிறேன். நன்றாக மக்கிய கூட்டு எருவுக்கும், அதாவது எல்லோரும் கம்போஸ்ட் என்று சொல்கிறோமே அதற்கும், இதே அளவை வைத்துக் கொள்ளலாம். பேனா, பேப்பர் இருந்தால் குறித்துக் கொள்ளுங்கள்.

எல்லாவற்றிலும் அதிகம் கேட்பது வெள்ளைப்பூண்டு. ஏக்கருக்கு 20 டன், சென்ட்டுக்கு 200 கிலோ. அதோடு ஏக்கருக்கு 400 கிலோ வேப்பம் பிண்ணாக்கு. பூண்டின் வேர் மேலாகவே நிற்கும், ஆழத்தில் போய்த் தேடாது. நெருக்கி நடுகிறோம். மண் பொலபொலவென்று இருந்தால்தான் பல் பருக்கும். பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம் போய்ப் பார்த்தால், எந்த எரு இருந்தாலும் பூண்டுப் பாத்திக்கு முதல் பங்கு என்று வைத்திருப்பார்கள். அது அனுபவத்தில் வந்த கணக்கு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது, அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டியதும் நாம்தான்.

அடுத்தது முட்டைக்கோஸும் காலிஃபிளவரும். ஏக்கருக்கு 12 டன், சென்ட்டுக்கு 120 கிலோ. இவை இரண்டும் பெருந்தீனிக்காரப் பயிர்கள். எரு முழுவதையும் பாத்தியில் விசிறுவதை விட நடும் குழியில் வைப்பது மேல் என்பது என் அபிப்பிராயம். 40 சென்டிமீட்டருக்கு 40 சென்டிமீட்டர் இடைவெளியில் நட்டால் ஏக்கருக்கு 25,000 செடி வரும். பன்னிரண்டு டன்னை அதற்குப் பிரித்தால் ஒரு செடிக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு கையும் சேர்த்து அள்ளினால் வருகிற அளவு. இப்படிக் குழிக்கு அள்ளிப் போட்டால் களைக்குத் தீனி போகாது.

உருளைக்கிழங்குக்கு வெறும் 6 டன்தான், சென்ட்டுக்கு 60 கிலோ. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "கிழங்குப் பயிருக்கு எரு கூடத்தானே வேணும்?" என்கிறார்கள். மக்காத எருவை அள்ளிப் போட்டால் உருளையில் இரண்டு வம்பு வரும். ஒன்று, தோலில் சொறி. மற்றது வெள்ளைப் புழு. வண்டு வந்து முட்டையிடப் பச்சைச் சாணத்தைத்தான் தேடும், அதில் பிறந்த புழு கிழங்கைக் குடையும். உருளைக்கு நம் மலையில் குறைவாக இருப்பது மணிச்சத்து. ஹெக்டேருக்கு 240 கிலோ என்று பரிந்துரை அவ்வளவு அதிகமாக இருப்பதற்குக் காரணம், நம் புளிப்பு மண்ணில் உள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக் கொள்கின்றன. சூப்பர் பாஸ்பேட்டை நேரே மண்ணில் கொட்டாமல், மக்கிய எருவோடு கலந்து, ஈரம் காயாமல் மூடி ஒரு மாதம் வைத்திருந்து சாலில் போடுங்கள். எரு நடுவில் நின்று மண்ணின் கையில் சிக்காமல் பார்த்துக் கொள்ளும். ஆறு டன் எருவுக்கு இது ஒன்றே பெரிய வேலை.

இப்போது கேரட். புத்தகத்தைத் திறந்தால் ஏக்கருக்கு 12 டன் என்று இருக்கிறது. நான் அந்த அம்மாவுக்குச் சொன்னது பத்து டன். அளவு குறைவுதான், கூட இல்லை! பிறகு ஏன் கால் பிரிந்தது? கேரட் விதை முளைத்த முதல் சில வாரங்களில் ஆணிவேரின் நுனி நேரே கீழே இறங்கும். பிற்பாடு பருக்கப் போகிற கிழங்கின் நீளம் அப்போதே முடிவாகி விடுகிறது. அந்த நுனி ஒரு சாணக் கட்டியில் மோதினாலும், பச்சை எருவின் காரத்தில் கருகினாலும் வளர்ச்சி நின்று போகும். பக்கத்து வேர்கள் இரண்டோ மூன்றோ அதன் வேலையை எடுத்துக் கொள்ளும். அவைதான் நாம் பார்க்கும் கால்கள். தழைச்சத்து கூடினால் சல்லிவேர். ஆக அங்கே கெடுத்தது எருவின் பக்குவமும், பாதி கோழி எருவாக இருந்ததும். இரண்டையும் கேட்காமல் "பத்து டன்" என்று எண்ணை மட்டும் சொன்னது நான்.

கேரட்டுக்கு நான் இப்போது சொல்கிற வழி இது. எருவை நேரே கேரட்டுக்குக் கொடுக்காதீர்கள். முந்தின பயிராக முட்டைக்கோஸ் வைத்து அதற்கு முழு அளவு 12 டன் கொடுங்கள். கோஸ் அறுத்த பிறகு அந்த மண்ணில், சல்லடையில் சலித்த பழைய கூட்டு எரு ஏக்கருக்கு 6 டன் போட்டுக் கேரட் விதையுங்கள். சத்துக்கு முந்தின எருவின் பாக்கி இருக்கிறது, மண்ணில் கட்டியும் இருக்காது. புது நிலத்தில்தான் கேரட் போட்டாக வேண்டும் என்றால் 12 டன் போடலாம். ஆனால் அது குறைந்தது நாலைந்து மாதம் மக்கியதாக இருக்க வேண்டும்.

பீட்ரூட்டுக்கு ஏக்கருக்கு 8 டன், முள்ளங்கிக்கு 10 டன். கேரட்டுக்குச் சொன்ன பக்குவம் இவற்றுக்கும் பொருந்தும்.

பீன்ஸும் பட்டாணியும் வேர்முடிச்சுப் பயிர்கள், தழைச்சத்தைத் தாமே காற்றிலிருந்து எடுத்துக் கொள்ளும், எருவே வேண்டாம் என்று சிலர் சொல்வதுண்டு. பட்டாணிக்கு அது ஓரளவு சரி. ஏக்கருக்கு 8 டன் கொடுத்தால் தாராளம். பீன்ஸ் அப்படியில்லை. வேரைப் பிடுங்கிப் பாருங்கள், முடிச்சு சொற்பமாகத்தான் இருக்கும். அதனால்தான் மலை பீன்ஸுக்கு 10 டன் என்று பரிந்துரை. ஆனாலும் கோஸ், கேரட் என்று எரு கண்ட மண்ணில் பீன்ஸ் வைத்தால் பாதி அளவே போதும் என்று நான் சொல்வேன். மீறினால் கொடிதான் ஓடும். சவ்சவ், மேரக்காய் என்று சொல்கிறோமே, அதற்கு ஏக்கர் கணக்கு வேண்டாம். குழிக்கு ஒரு கூடை, சுமார் 10 கிலோ, மேல்மண்ணோடு கலந்து போட்டு நடுங்கள்.

சரி, இந்த டன்னை எப்படி அளப்பது? நம்மிடம் இருக்கிற அளவு "லோடு". ஒருவருடைய லோடு மூன்று டன், இன்னொருவருடையது ஒன்றரை டன். ஈர எருவானால் அதிலும் பாதி தண்ணீர். நாம் தண்ணீருக்கும் மலை ஏறிய லாரி வாடகைக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறோம். உங்கள் வீட்டுக் கூடையிலோ சாக்கிலோ எருவை நிரப்பி, ஒரே ஒரு தடவை தராசில் வைத்துப் பாருங்கள். கூடை எத்தனை கிலோ என்று தெரிந்து விட்டால், சென்ட்டுக்கு எத்தனை கூடை என்பது விரல் விட்டு எண்ணுகிற கணக்கு.

இன்னொரு அடையாளமும் சொல்கிறேன். ஏக்கருக்குப் பத்து டன் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு இரண்டரைக் கிலோ. கொஞ்சம் ஈரமுள்ள கூட்டு எரு ஒரு கன மீட்டர் சுமார் அரை டன் இருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் அந்தப் பத்து டன், நிலத்தில் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத்தான் படியும். சுண்டுவிரல் கனத்தில் பாதி! பார்த்தால் மண் தெரியும். "என்ன சார், உப்புப் போட்ட மாதிரி இருக்கு" என்பார்கள். அதுதான் சரியான அளவு. வீட்டுத் தோட்டக்காரர்கள் சிலர் நாலு விரல் கனத்துக்குப் பரப்பி விட்டுப் பெருமையாகக் காட்டுவார்கள். அது ஏக்கருக்கு 140 டன் போட்டதற்குச் சமம். வீட்டுத் தோட்டத்துக்குச் சதுர மீட்டர் கணக்கு வேண்டுமானால், உருளைக்கு ஒன்றரைக் கிலோ, பட்டாணிக்கும் பீட்ரூட்டுக்கும் 2 கிலோ, பீன்ஸுக்கு இரண்டரை, கோஸுக்கு 3, பூண்டுக்கு 5 கிலோ.

எரு பக்குவமாகி விட்டதா என்று பார்க்க ஆய்வுக்கூடம் வேண்டாம். குவியலின் நடுவில் கையை விடுங்கள், சூடு இருக்கக் கூடாது. முகர்ந்து பாருங்கள், முதல் மழை விழுந்த மண் வாசனை வர வேண்டும். போட்ட இலை இன்ன இலை என்று அடையாளம் தெரியக் கூடாது. கையில் அள்ளிப் பிழிந்தால் கட்டியாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. சந்தேகமாக இருந்தால் கொஞ்சம் எருவை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, மூன்று நாள் கழித்துத் திறந்து பாருங்கள். நாற்றம் அடித்தால் இன்னும் ஆகவில்லை. இன்னொரு வழி, ஒரு தட்டில் எருவைப் பரப்பி முள்ளங்கி விதை பத்துப் போடுங்கள். முளைக்காமலோ முளைத்து மஞ்சளாகவோ போனால் அந்த எருவைக் கேரட் பாத்திக்குக் கொண்டு போகாதீர்கள்.

கூட்டு எரு தயாரிப்பதை இன்று விரிவாகச் சொல்ல நேரமில்லை. ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் இந்தூரில் 1924-லிருந்து சில வருஷம் பாடுபட்டு, 1931-ல் வெளியிட்ட முறைதான் நாம் இன்றைக்கும் கொஞ்சம் கூட்டிக் குறைத்துச் செய்கிற குவியல் முறை. இந்தூர் வெயில் ஊர். நம் குளிருக்கு நாம் மாற்றிக் கொள்ள வேண்டியது இரண்டு. குவியல் சிறிதாக இருந்தால் சூடு தங்காது, ஆகவே நாலடி உயரமாவது இருக்கட்டும். மழைக்கு மேலே மூடி போடுங்கள், பழைய தார்ப்பாயானாலும் சரி. மூடாத குவியலில் இருந்து ஐப்பசி மழையில் கறுப்பாக ஓடுகிறதே, அது உங்கள் சாம்பல்சத்து. கீழே மூன்று மாதத்தில் மக்குவது இங்கே நாலைந்து மாதம் எடுக்கும். யூகலிப்டஸ் இலை, பைன் ஊசி, சில்வர் ஓக் இலை மூன்றும் சீக்கிரம் மக்காது, கொஞ்சமாகச் சாணத்தோடு கலந்து போடுங்கள். காட்டுமாடு வந்து குவியலைக் கலைத்து விட்டுப் போனால், கோபப்படாமல் அதையே ஒரு திருப்பலாக வைத்துக் கொள்ள வேண்டியதுதான்!

குவியலில் சேரக் கூடாதது ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கோஸ், காலிஃபிளவர் வேரில் கட்டி கட்டியாக வீங்கியிருந்தால், அந்த வேரை எருக்குழிக்குக் கொண்டு போகாதீர்கள். அது வேர்வீக்க நோய். அதன் வித்து மண்ணில் பல வருஷம் சாகாமல் கிடக்கும். எருவாக்கித் தோட்டம் முழுக்க நாமே விதைத்த கதையாகும். உருளைக் கழிவும் அப்படித்தான். 1961-ல் நீலகிரியில் கண்டுபிடிக்கப்பட்ட உருளை முட்டைக்கூட்டு நூற்புழு பிறகு நம் மலையிலும் தென்பட்டது. அதன் கூடு கிழங்கில் ஒட்டிய மண்ணோடு போகும். அழுகல் உருளையைத் தனியாக ஆழப் புதைத்து விடுங்கள்.

நம் மண் புளிப்பு மண். மண் பரிசோதனையில் சுண்ணாம்பு போடச் சொன்னால் போட வேண்டும், எருவைக் கூட்டி அதைச் சரிக்கட்ட முடியாது. ஆனால் சுண்ணாம்பையும் எருவையும் ஒரே நாளில் கலந்து போடாதீர்கள். தழைச்சத்து ஆவியாகப் போய் விடும், மூக்கில் ஏறுகிற அந்த நெடி நம் காசுதான். சுண்ணாம்பை முதலில் போட்டுக் கொத்தி, இரண்டு மூன்று வாரம் விட்டு எருவைப் போடுங்கள்.

எருவைப் பரப்பின அன்றைக்கே கொத்தி மண்ணுக்குள் தள்ளி விட வேண்டும். இது சரிவு நிலம். பரப்பி வைத்த எரு ஒரு ராத்திரி மழையில் ஓடைக்குப் போய் விடும். நம் மலையில் விழுகிற தண்ணீர்தான் பழநிப் பக்கம் வரதமாநதிக்கும் பாலாறு - பொருந்தலாறு அணைக்கும், தெற்கே மஞ்சளாறு அணைக்கும் போகிறது. நாம் தேவைக்கு மேல் போட்ட கோழி எரு வழியிலேயே ஊற்றிலும் ஓடையிலும் கலக்கிறது. அந்த ஓடைத் தண்ணீரைக் குடத்தில் பிடித்துக் குடிக்கிற வீடுகள் நம் சரிவிலேயே இருக்கின்றன. வடகிழக்குப் பருவமழை கொட்டுகிற வாரங்களில் எருவை மூடி வைத்திருங்கள், நடுவதற்குச் சற்று முன்னால் போடுங்கள்.

அந்த அம்மா கதையை முடிக்காமல் விட்டு விட்டேன். அந்த வருஷம் லாரியில் வந்ததில் மீதி இருந்த எருவை, நானும் அவருமாக நிலத்து மூலையில் குவித்து மூடி வைத்தோம். ஐந்து மாதம் கழித்துத் திறந்தோம், சூடு இல்லை, மண் வாசனை. நாலு பாத்தி பிரித்து, ஒன்றுக்கு எரு இல்லாமல், மற்ற மூன்றுக்குச் சென்ட்டுக்கு 30, 60, 120 கிலோ கணக்கில் போட்டு, எல்லாவற்றிலும் கேரட் விதைத்தார். பிடுங்கின அன்று என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். எரு போடாத பாத்தி கொஞ்சம் சிறுத்திருந்தது. 60 கிலோ பாத்திக்கும் 120 கிலோ பாத்திக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை, தராசிலும் பெரிதாக இல்லை. முந்தின போகத்து எருவின் பாக்கி மண்ணில் இருந்தது அல்லவா? "அப்ப பாதி எருக் காசு மிச்சம்தானே தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

நீங்களும் இப்படி நாலு பாத்தி போட்டுப் பாருங்கள். அதற்கு ஒரு சென்ட் இடமும் ஒரு தராசும் போதும். மண் பரிசோதனைக்கு மண் எடுக்கிறவர்கள், எரு போடுவதற்கு முன்னால் எடுங்கள். எரு போட்ட பிறகு எடுத்தால் முடிவு தவறாக வரும். தோட்டக்கலை அலுவலகத்துக்கு வரும்போது மண்ணோடு ஒரு கைப்பிடி எருவையும் பொட்டலம் கட்டிக் கொண்டு வாருங்கள். என்ன பயிர் என்பதையும் முடிவு பண்ணிக் கொண்டு வாருங்கள். உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.